ஹம் நகரத்துக் குத்துச்சண்டைப் பதிகம்

1

சென்ற சனிக்கிழமை ஹம் நகரிலிருந்து டோட்முண்டுக்குப் போகிற ரெயிலில், ஒரு பெட்டி சனமும் பார்த்திருக்க, ஒரு துருக்கிக்காரன் என்னைப் பார்த்துத் தமிழில் கத்தினான்.

"மாஸ்டர், கையைத் தூக்கு! தாடையை மூடு!"

ரெயில்காரச் சீருடை போட்ட ஆள். தோளில் ரிக்கற் பார்க்கிற இயந்திரம் தொங்குகிறது. எதிரே இருந்த ஜேர்மன் மூதாட்டி கைப்பையை மடியோடு இறுக்கிப் பிடித்தாள். நான் எழும்பி இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கினேன். அவன் என் வயிற்றில் செல்லமாக ஒன்று விட்டு, கட்டிப் பிடித்து, அடுத்த மூச்சில் ரிக்கற்றைக் கேட்டான். உத்தியோகம் உத்தியோகம்தானே.

அவன் பெயர் முராத். என் கையால் உருவான முதல் மாநிலக் குத்துச்சண்டைச் சம்பியன். வந்த காலத்தில் சப்பாத்தி மா மாதிரித் தொளதொளவென்று இருந்தான். இப்போது அவன் கழுத்தைப் பார்த்தாலே ரிக்கற் இல்லாதவர்கள் அடுத்த நிலையத்தில் தாங்களாக இறங்கிவிடுகிறார்கள். அதுவும் என் வேலைதான்.

பக்கத்தில் என் மகள் நிரோ. பிராங்பேர்ட்டில் வங்கியில் வேலை. மாதத்தில் ஒரு தடவை வந்து, தாயின் சோற்றைச் சாப்பிட்டு, ஜேர்மன் மொழியில் நித்திரை கொண்டு திரும்பிப் போகிறவள். பார், ஒரு துருக்கிப் பெடியன் எப்படித் தமிழ் கதைக்கிறான் என்று அவளைச் சீண்டினேன். அவனுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் அடிதடித் தமிழ், அதை வைத்துக்கொண்டு ஒரு கோப்பை தேத்தண்ணிகூடக் கேட்க முடியாது என்று அவள் ஜேர்மனில் பதில் சொன்னாள்.

முராத் விடவில்லை. இந்த மனிதர் சண்டை நடக்கும்போது மூலையில் இருந்து கடவுளைக் கும்பிடுவார், எதிராளி விழுவான் என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். மூதாட்டி இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நிரோ காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். கோபம் வந்தால்தான் அவளுக்குத் தமிழ் வரும்.

"அப்பா, ஹம் முழுக்க இந்தக் கதைதான். கோயிலிலை ஒரு அன்ரி என்னட்டைக் கேட்கிறா, உங்கட அப்பா சூனியம் செய்யிறவரோ எண்டு. உண்மையிலை என்னதான் நடந்தது?"

சூனியமாம். ஒரு மனிதன் பாடுபட்டு மேலே வந்தால் எங்கள் சனத்துக்கு வேறு விளக்கமே கிடைக்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஊரில் என்னோடு ஒரே பள்ளிக்கூட வாங்கில் இருந்தவர்கள் வாசித்தால், எட்டாம் வகுப்போடு ஓடினவன் பத்திரிகையில் எழுதுகிறானே என்று வயிறு எரியட்டும்.

2

பள்ளிக்கூடத்தை எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை. இரு பகுதியும் சமாதானமாகப் பிரிந்தோம். பருத்தித்துறையை விட்டுக் கொழும்புக்குப் போய்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். பண்டகசாலைக்குப் பின்னால் ஒரு சில்வா மாஸ்டர் நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டிப் பெடியளுக்குக் குத்துச்சண்டை பழக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் வராது. எனக்குச் சிங்களம் வராது. அவர் "வம" என்று கத்துவார். நான் வலப்பக்கம் போவேன். அங்கே ஒரு குத்துக் காத்திருக்கும். வம என்றால் இடது, தக்குண என்றால் வலது, கஹபங் என்றால் அடி. இந்த மூன்றையும் நான் மூக்கால் படித்தவன். மூக்கு இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கிறது.

பிறகு என் எடையில் துறைமுகத்தில் என்னை விழுத்த ஆளில்லை. இருந்திருந்தால், அவர்கள் வரவில்லை.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் சில்வா மாஸ்டர் என்னைத் தன் வீட்டுக் கூரைக்குள் படுக்கவைத்து, வாசலில் கதிரை போட்டுத் தான் இருந்தார். வந்தவர்களிடம் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது, வேகமாகச் சொன்னார். எனக்குத் தெரிந்த மூன்று சொல்லில் ஒன்று மட்டும் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர்கள் போய்விட்டார்கள். சனத்தை வடக்கே ஏற்றிப்போன கப்பல்வரை கொண்டுவந்து விட்டவரும் அவர்தான்.

அங்கிருந்து கிழக்கு ஜேர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையம், மேற்கு பெர்லினுக்கு ரெயில், அகதி முகாம், கடைசியில் ஹம். கந்தோரில் ஓர் அதிகாரி என் தொழிலைக் கேட்டார். குத்துச்சண்டை என்றேன். அத்தாட்சி கேட்டார். மூக்கைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு எனக்குக் கோப்பை கழுவ அனுமதி எழுதித் தந்தார்.

அந்த நாளில் அகதிக்கு நகர எல்லையைத் தாண்டவே ஏலாது. பள்ளிக்கூடமொன்றின் நிலவறையில் இருந்த குத்துச்சண்டைக் கழகத்தில் வாளி தூக்கத் தொடங்கியிருந்தேன். பிள்ளைகளோடு பக்கத்து ஊர்ப் போட்டிக்குப் போவதற்கும் அன்ராக் என்று ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கவேண்டும். கொடுத்தேன். போட்டி முடிந்து, எங்கள் பெடியனின் கண் வீக்கம் வற்றி, அதற்குப் பிறகு அனுமதி வந்தது. ஜேர்மன்காரன் பிந்தமாட்டான் என்று ஊரில் யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

வாளி தூக்கினவன் துவாய் பிடித்தேன். துவாய் பிடித்தவன் கையுறை கட்டினேன். பழைய பயிற்சியாளருக்கு இடுப்புச் சத்திரசிகிச்சை நடந்தபோது கழகத்தின் திறப்புக் கொத்து என் கைக்கு வந்தது. அவர் திரும்பி வந்து கேட்டார்தான். எந்தச் சட்டைப் பையில் வைத்தேன் என்று எனக்கு நினைவு வரவில்லை.

3

இப்போது சூனிய விஷயம்.

அமெச்சூர் குத்துச்சண்டையில் ஒரு பொல்லாத விதி உண்டு. சுற்று நடக்கும்போது பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது. இடைவேளையில் எவ்வளவும் பேசலாம், மணி அடித்தால் ஊமை. மீறினால் எச்சரிக்கை. மேலும் மீறினால் மூலையை விட்டே எழுப்பிவிடுவார்கள். இந்த விதியை எழுதினவர் வாழ்க்கையில் ஒரு பிள்ளையையும் வளர்த்திருக்கமாட்டார்.

நான் பிள்ளைகளுக்குத் தமிழில்தான் பழக்கினேன். ஜேர்மனில் இடது வலதைத் தேடி எடுத்து, அதற்கு வால் ஒட்டி, வாயால் வெளியே விடுவதற்குள் பிள்ளை தரையில் கிடக்கும். ஆகையால் துருக்கிப் பிள்ளை, ரஷ்யப் பிள்ளை, உள்ளூர் ஜேர்மன் பிள்ளை, எல்லோரும் "குனி, விலத்து, இடக்கை, வலக்கை, வயித்திலை குடு" என்று படித்தார்கள். மத்தியஸ்தர்களுக்குப் பாஷை விளங்காது. ஆனால் கத்துவது விளங்கும். எச்சரித்தார்கள்.

ஒருநாள் இருமல் மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு மருத்துவரைக் கூப்பிட்டார்கள்.

அப்போதுதான் புத்தி வேலை செய்தது. ஹம் கோயில் தேர்த் திருவிழாவை வருடா வருடம் ஜேர்மன் சனம் வந்து வாயைப் பிளந்து பார்க்கிறது. தேங்காய் உடைப்பதையும் காவடி ஆடுவதையும் படம் பிடிக்கிறது. இந்தப் பகுதியில் எங்கள் சாமிக்கு ஒரு மரியாதை இருக்கிறது. அடுத்த போட்டியில் நெஞ்சுக்கு நேரே கை கூப்பி, கண்ணைப் பாதி மூடி, கோயிலில் பதிகம் படிக்கிற மெட்டில் மெல்ல இழுத்தேன்.

"வல-க்-கையை ஓங்காதே... இட-க்-கையாலே குடு அப்பா... குனி அப்பா..."

மத்தியஸ்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தலையைக் கொஞ்சம் குனிந்து மரியாதை செய்தார். முராத் இடக்கையால் கொடுத்தான். எதிராளி கயிற்றில் சாய்ந்தான். அன்றிலிருந்து நான் பக்திமான்.

என் மனைவி பவளத்துக்கு இது தெரியவந்தபோது இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சாமி கண்ணைக் குத்தும் என்றாள். குத்துகிறவர்களை விலத்தத்தானே நான் பழக்குகிறேன் என்றேன். மூன்றாம் நாளும் கதைக்கவில்லை.

4

கழகம் என்னுடையது, பிள்ளைகள் என்னுடைய பிள்ளைகள். ஆனால் அவர்கள் ஜேர்மனிக்கு வெளியே சண்டைக்குப் போனால் மூலையில் இருப்பதற்குச் சர்வதேசப் பயிற்சியாளர் உரிமம் வேண்டும். என்னிடம் அது இல்லை. இரண்டு தடவை என் பிள்ளைகளை வேறொருவர் கூட்டிக்கொண்டு போனார். நான் உருட்டிப் பிசைந்து சுட்ட ரொட்டியை அவர் தட்டில் வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றார். அந்தப் படம் உள்ளூர்ப் பேப்பரில் வந்தது. பவளம் அதில் மீன் சுற்றினாள்.

பிறகு லேனா வந்தாள். கசகஸ்தானில் இருந்து வந்த குடும்பத்துப் பெட்டை. பேக்கரி ஒன்றில் தொழில் பழகிக்கொண்டிருந்தாள், அவுஸ்பில்டுங் என்பார்கள். விடிய மா பிசைகிற கை. அந்தக் கையால் ஒன்று விட்டால் குதிரையும் யோசிக்கும். ஒரேயொரு குறை, சண்டையில் என் குரல் கேட்காவிட்டால் மரமாக நிற்பாள் என்று நான் நம்பியிருந்தேன். மாநில அணியில் அவளை எடுத்தார்கள். அடுத்த வருடம் டென்மார்க்குக்கு அனுப்புவார்களாம். இந்தத் தடவையும் நான் வீட்டில் இருந்து மீன் சாப்பிட்டால் என் சீவியமே வீண் என்று பவளத்துக்குச் சொன்னேன்.

உரிமத்துக்குப் படிக்கவேண்டியிருந்தது. தசைக்குள் எந்த அமிலம் சேர்கிறது, இதயம் எப்படித் துடிக்கிறது. நிரோ அப்போது பிராங்பேர்ட்டில் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நாளும் ரெலிபோனில் கேள்வி கேட்பாள். நான் பிழையாகச் சொன்னால் வாத்தியார் மாதிரிப் பெருமூச்சு விடுவாள். எழுத்துப் பரீட்சையில் மூன்றாந்தரம் பாஸ் பண்ணினேன். முதல் இரண்டு தரமும் கேள்விகள் சரியில்லை.

கடைசியாகச் செய்முறை. டென்மார்க் அணி எங்கள் பக்கத்து நகரத்துக்கு விருந்தாக வந்து சண்டை பிடிக்கிறது. லேனாவின் மூலையில் நான். எனக்குப் பின்னால் குத்துச்சண்டைச் சங்கத்தின் பரிசோதகர் ஹெர் கெஸ்லர். இரும்புக் கம்பியை விழுங்கிவிட்டு அது செமிக்காமல் இருக்கிற மாதிரி நிமிர்ந்த ஆள். மணி அடிக்க முன்னர் என் காதுக்குள் சொன்னார்: நீங்கள் பிரார்த்தனை செய்வீர்கள் என்று கேள்விப்பட்டேன், அது உங்கள் சொந்த விஷயம். ஆனால் சுற்று நடக்கும்போது ஒரு சொல் புத்திமதி சொன்னால், உரிமம் இல்லை. இனி எப்போதும் இல்லை.

நான் கை கூப்பினேன்.

5

எதிர் மூலையில் மரியா அன்ரன் என்று ஒரு பெட்டை. மாநிறம், நீண்ட கை. போர்த்துக்கல் அல்லது பிரேசில் என்று கணக்குப் போட்டேன். தலைக்கவசத்துக்குள் முகம் எவ்வளவு தெரியும்? தமிழ்ப் பெட்டையாக இருக்கலாம் என்று என் மண்டையில் ஒரு மூலையிலும் படவில்லை. எங்கள் சனம் பெட்டைகளைப் பரதத்துக்கு அனுப்பும், வீணைக்கு அனுப்பும், மருத்துவம் படிக்க அனுப்பும். மூக்கு உடைக்க அனுப்புமா? நிரோ பத்து வயதில் கையுறை கேட்டபோது, மூக்கு வளைந்தவளை யார் கட்டுவான் என்று பவளம் ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். உனக்கு வாய்த்த மூக்கு என்ன நேரா என்று நான் கேட்கவில்லை.

மணி அடித்தது. பதிகத்தைத் தொடங்கினேன்.

"வயித்திலை குடு அம்மா... வலக்கையாலை குடு அம்மா..."

லேனாவின் வலக்கை புறப்பட முன்னரே அந்தப் பெட்டையின் முழங்கை வயிற்றை மூடிவிட்டது. இடக்கை என்று பாடினேன். அவள் தலை இடக்கைக்கு இடம் விட்டு விலகி நின்றது. குனி என்றேன். லேனா குனிந்த இடத்தில் கீழிருந்து ஒரு குத்து அவளுக்காகக் காத்திருந்தது. துறைமுகத்தில் சில்வா மாஸ்டரின் கயிற்றுக்குள் நான் வாங்கின அதே குத்து.

முதல் சுற்றில் பின்னுக்கு நின்றோம். இவள் சாதாரண ஆள் இல்லை, மனதை வாசிக்கிறவள் என்று நினைத்தேன். எனக்குப் பொறாமைகூட வந்தது.

இரண்டாம் சுற்றில் லேனா கயிற்றில் நின்றபோது, மெட்டோடு மெட்டாக "பொறு அம்மா, அவளுக்கு மூச்சு வாங்குது அம்மா" என்று இழுத்தேன். அந்த டென்மார்க் பெட்டை சட்டென்று வாயை மூடி மூக்கால் மூச்சு விட்டாள்.

பின்னால் கெஸ்லர். முன்னால் ஜேர்மன் மத்தியஸ்தர். நடுவில், என் பதிகத்துக்குப் பொருள் தெரிந்த ஒருத்தி. ஒரு சொல் அவள் சொன்னால் போதும், நான் மூலையிலிருந்து மட்டுமில்லை, நான் கட்டி எழுப்பின பேரிலிருந்தும் எழும்பவேண்டியதுதான்.

ஆனாலும் உறுதி செய்யவேண்டுமே. லேனாவுக்குத் தெரியாத சொற்களாகத் தேடி எடுத்து, கண்ணை நன்றாக மூடி, உருக்கமாகப் பாடினேன்.

"பிள்ளை, உன்ரை சப்பாத்து லேஸ் அவிண்டு போச்சு அம்மா..."

டென்மார்க் பெட்டை குனிந்து காலைப் பார்த்தாள்.

லேனாவின் இடக்கை நேராகப் போய் நெற்றியில் இறங்கியது. மண்டபம் அதிர்ந்தது. அந்தப் பெட்டை நிமிர்ந்து, லேனாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். என் மனைவி பார்க்கிற பார்வை. தமிழ்தான், சந்தேகமில்லை.

இடைவேளையில் லேனாவின் முகத்தைத் துடைத்தபடி ஜேர்மனில் அவசரமாகச் சொன்னேன்: இனி நான் இடது என்றால் வலது, வலது என்றால் இடது. லேனா தண்ணீரைத் துப்பிவிட்டு, உங்கள் இடதா, என் இடதா என்று கேட்டாள். பதில் சொல்ல முன்னர் மணி அடித்துவிட்டது.

மூன்றாம் சுற்றைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. முதல் தடவை பலித்தது. இரண்டாம் தடவை அந்தப் பெட்டைக்கு விளங்கிவிட்டது. மூன்றாம் தடவை லேனாவுக்கே விளங்கவில்லை. நான் பாட, அவள் யோசிக்க, யோசிக்கிற தலையில் அடி விழுந்தது. யோசிக்கிறது பள்ளிக்கூடத்துக்கு நல்லது.

லேனா மூலைக்கு வந்து இருந்தாள். சொண்டு வெடித்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். அவள் கையுறையை உயர்த்தி என் வாயில் வைத்தாள். பிள்ளைகள் கழகத்தில் சத்தம் போடும்போது நான் கத்துகிற அதே தமிழில், மெதுவாகச் சொன்னாள்:

"மாஸ்டர். வாயை மூடு."

மூடினேன்.

நாலாம் சுற்று முழுவதும் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கெஸ்லர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார், உயிர் இருக்கிறதா என்று. நாக்கைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டிருந்தேன். குரல் இல்லாவிட்டால் மரமாக நிற்பாள் என்றேனே, லேனா நிற்கவில்லை. பக்கவாட்டில் போனாள், நான் பழக்காத ஒரு நடை. இடக்கையைக் காட்டிவிட்டு இடக்கையாலேயே அடித்தாள், நான் செய்யாதே என்று ஒரு வருடம் சொன்ன காரியம். எதிரே நின்றவளுக்கும் இப்போது கேட்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பெட்டைகளும் முதல் தடவையாகத் தங்கள் பாட்டில் சண்டை பிடித்தார்கள். நல்ல சண்டை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, நான் அங்கே இருக்கிறேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது.

ஒரு புள்ளியால் லேனா வென்றாள்.

சரியான நேரத்தில் வாயை மூடுவது பெரிய பயிற்சியாளர்களுக்கு மட்டுமே தெரிந்த உத்தி. இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

6

சண்டை முடிந்ததும் எதிராளியின் மூலைக்குப் போய் அவருடைய பயிற்சியாளருக்குக் கை கொடுப்பது அமெச்சூர் வழக்கம். லேனா அங்கே போனாள். அந்தப் பெட்டை இங்கே வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றியிருந்தாள். மூக்கில் இரத்தம். காதில் தோடு போடுகிற ஓட்டை. ஒரு யாழ்ப்பாண முகம், அதைப் பார்த்துப் போர்த்துக்கல் என்று நினைத்தவனுக்குக் கண்ணாடி வேண்டும்.

கையை நீட்டினாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான், என் தோளுக்குப் பின்னால் கெஸ்லர்.

"அங்கிள், நாங்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறனாங்கள், உங்கட கோயிலுக்குப் போறேல்லை. ஆனா உங்கட பதிகம் நல்லா விளங்கினது."

கெஸ்லருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆகா, இருவரும் ஒரே மொழியா என்று அவளிடம் ஜேர்மனில் கேட்டார். எல்லைக்குப் பக்கத்து ஊர்க்காரி, அவளுக்கு ஜேர்மன் நன்றாக வந்தது. அப்படியென்றால் சொல்லுங்கள் என்றார் அவர், இத்தனை வருடமாக எல்லோரும் கேட்கிறார்கள், இவர் என்னதான் பிரார்த்திக்கிறார்?

அவள் என்னைப் பார்த்தாள். தோற்றுப்போனவள். அந்த ஒரு புள்ளி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் தாடையை மூடாமல் கையைத் தொங்கவிட்டு நின்ற ஒரேயொரு தருணம் என் சீவியத்தில் அதுதான்.

அவள் மணிக்கட்டால் மூக்கைத் துடைத்தாள்.

"எங்கள் இரண்டு பேருக்கும் அடி படக்கூடாது என்று கேட்டார்," என்று கெஸ்லருக்குச் சொன்னாள். "கடவுள் கேட்கவில்லை."

கெஸ்லர் சிரித்தார். இரும்புக் கம்பி வளைந்ததை நான் அன்றுதான் கண்டேன். பிறகு என் தோளில் கை வைத்து, கடைசிச் சுற்றில் நீங்கள் பிரார்த்தனையையும் விட்டுவிட்டு அமைதியாக இருந்தீர்கள், சர்வதேச மேடையில் அப்படித்தான் இருக்கவேண்டும், உரிமம் தபாலில் வரும் என்று சொல்லிவிட்டு மற்ற மூலையைப் பார்க்கப் போனார்.

அவர் போனதும் அவள் கயிற்றுக்கு மேலால் குனிந்தாள்.

"அந்த லேஸ் விளையாட்டு சரியான கள்ள வேலை, அங்கிள்."

"ஓம் பிள்ளை," என்றேன்.

"அடுத்தமுறை சிங்களத்திலை படியுங்கோ. எனக்கு அது விளங்காது."

சொல்லிவிட்டுத் தன் மூலைக்குப் போனாள். நான் சிரிக்கத் தொடங்கினேன். நிற்பாட்ட ஏலவில்லை. வெற்றிச் சந்தோஷம் என்று சனம் கை தட்டியது. எந்த மொழியில் நான் இந்தத் தொழிலைப் படித்தேன் என்று அந்தப் பெட்டைக்கு எப்படித் தெரியும்?

7

அடுத்த வருடம் டென்மார்க். உரிமத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டுதான் ரெயில் ஏறினேன். எல்லையில் யாரும் அதைக் கேட்கவில்லை. நானாகக் காட்டினேன். பவளம் கட்டித் தந்த இடியப்பத்தை மாநில அணி முழுவதும் சாப்பிட்டது. நிரோ ரெலிபோனில், அங்கே போயும் பாடவேண்டாம் என்று ஜேர்மனில் எச்சரித்தாள்.

பாடுவதாக எனக்கு எண்ணமே இல்லை. லேனா புறப்பட முன்னரே சொல்லிவிட்டாள், இடைவேளையில் தண்ணீர் தாருங்கள், துவாய் தாருங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. நான் உருவாக்கின பிள்ளை அல்லவா, என்னை மாதிரியே திமிர்.

எதிர் மூலையில் அதே மரியா. இந்தத் தடவை மண்டபத்தில் தாய் தகப்பன், சித்தப்பன், மாமி என்று இரண்டு வரிசை நிறைய எங்கள் சனம். மாமி ஒருத்தி சேலையோடு வந்து, மூக்கைப் பார்த்துக்கொள் பிள்ளை என்று தமிழில் கத்துகிறாள். பார்வையாளர் கத்தலாமாம், பயிற்சியாளர்தான் கத்தக் கூடாதாம். இது என்ன நியாயம்?

மணி அடிக்க முன்னர் மரியா என் பக்கம் திரும்பி ஒரு காலைத் தூக்கிக் காட்டினாள். சப்பாத்து லேசுக்கு மேலே வெள்ளைப் பட்டி. கணுக்காலிலிருந்து விரல்வரை, ஒரு நூல் வெளியே தெரியாமல் சுற்றி ஒட்டியிருந்தது. மற்றக் காலையும் தூக்கிக் காட்டினாள். மத்தியஸ்தர் அவளுக்குக் கால் வலி என்று நினைத்துப் போய் விசாரித்தார்.

மணி அடித்தது. நான் கையைத் தொடையில் வைத்து வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நல்ல பிள்ளையாகத்தான் இருந்தேன். ஆனால் இருபது வருடப் பழக்கம் சும்மா விடுமா? லேனா கயிற்றுப் பக்கம் போனபோது வாய் தானாக முணுமுணுக்கத் தொடங்கியது. தமிழ் வரவில்லை. அதை நான் பல்லுக்குள் கடித்து வைத்திருந்தேன். அதற்குக் கீழே கிடந்தது வந்தது.

"வம... வம... தக்குண... கஹபங்..."

பதிக மெட்டிலேயே வந்தது. பண்டகசாலைக்குப் பின்னால் நின்று சில்வா மாஸ்டர் கத்துகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. லேனாவுக்கு அது ஒரு சொல்லும் விளங்காது. மரியாவுக்கும் விளங்காது என்று அவளே வாக்குமூலம் தந்திருக்கிறாள். இருவருக்கும் விளங்காததைச் சொல்வது புத்திமதி ஆகாது. எந்த விதிப்புத்தகத்தையும் கொண்டுவாருங்கள், நான் வாதாடுகிறேன்.

ஆனால் என்ன மொழி என்று மரியாவுக்கு விளங்கிவிட்டது. கண்கள் பெருத்தன. என்னைப் பார்த்தாள். வாய்க் கவசம் முழுவதும் தெரிய, சண்டைக்கு நடுவே, வாயை அகலத் திறந்து சிரித்தாள்.

லேனா இடக்கையைக் காட்டிவிட்டு இடக்கையாலேயே கொடுத்தாள்.

மாமி எழும்பி நின்று என்னை ஏசத் தொடங்கினாள். நான் கண்ணை மூடி, நெஞ்சுக்கு நேரே கை கூப்பினேன்.